'கிங்டம்' தொடர்: யார் யார், யாருக்கு யார் எதிரி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியத் தொடர்கள் பார்த்துப் பழகாதவர்கள் 'கிங்டம்' முன்னால் உட்கார்ந்தால் பிணங்களைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் பெயர்களைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் தாடி, எல்லோருக்கும் கறுப்புத் தொப்பி, பாதிப் பேருக்கு 'சோ' என்று குடும்பப் பெயர். யார் எந்தப் பக்கம் என்று பிடிபடுவதற்குள் இரண்டு எபிசோட் ஓடிவிடும். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முதல் நான்கும் இன்னும் பார்க்காதவர்களுக்கு. அதற்குப் பின் கதை முழுவதும் உடைபடும்.

இது என்ன தொடர்? எத்தனை எபிசோட்?

நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட கொரியத் தொடர். முதல் சீசன் 2019 ஜனவரியிலும் இரண்டாவது 2020 மார்ச்சிலும் வந்தன. சீசனுக்கு ஆறு எபிசோட்தான். 2021 ஜூலையில் 'ஆஷின் ஆஃப் தி நார்த்' என்று ஒன்றரை மணி நேர முன்கதைப் படம் ஒன்றும் வந்தது. எழுதியவர் கிம் உன்-ஹீ. அவர் கதை எழுதி யாங் கியோங்-இல் வரைந்த ஒரு காமிக்ஸிலிருந்து வளர்ந்தது இந்தத் தொடர். முதல் சீசனை இயக்கியவர் கிம் சியோங்-ஹுன். இரண்டாவதில் முதல் எபிசோடுக்குப் பிறகு பார்க் இன்-ஜே பொறுப்பேற்றார்.

எந்தக் காலத்தில் நடக்கிறது?

ஜோசோன் அரச வம்சத்தின் காலம். 1592இல் ஜப்பான் படையெடுத்து வந்து, 1598 வரை கொரியாவைச் சூறையாடியது. அந்தப் போர் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆன நிலையில் கதை தொடங்குகிறது. அரசர், அமைச்சர் எல்லாம் கற்பனைப் பாத்திரங்கள். ஆனால் ஊர்கள் நிஜம். ஹான்யாங் என்பது இன்றைய சியோல். டோங்னே இன்று பூசான் நகரத்துக்குள் இருக்கிறது. சாங்ஜுவும் முங்யோங் சேஜே மலைக்கணவாயும் இரண்டுக்கும் நடுவே உள்ளவை. வரைபடத்தில் தென்கிழக்கு மூலையிலிருந்து மேலே தலைநகர் நோக்கி ஒரு கோடு போட்டால், நோய் ஏறி வரும் வழி அதுதான். 1592இல் ஜப்பானியப் படை ஏறி வந்த வழிகளில் ஒன்றும் இதுவே.

யார் யார் என்று சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

பட்டத்து இளவரசர் லீ சாங் (ஜு ஜி-ஹூன்). அவருக்கு எதிரே தலைமை அமைச்சர் சோ ஹாக்-ஜூ (ரியூ சியுங்-ரியோங்). ஹேவொன் சோ என்ற குலத்தின் தலைவர், நாட்டை நிஜமாக ஆள்பவர். அவருடைய மகள்தான் இப்போதைய ராணி (கிம் ஹே-ஜுன்). அதாவது இளவரசருக்குச் சிற்றன்னை. ஆனால் வயதில் இளவரசரைவிடச் சிறியவள். இந்த மூவரையும் மனதில் பதித்துக்கொண்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்தது.

இளவரசரோடு நடப்பவர்கள்: மெய்க்காவலர் மூ-யங், வைத்தியப் பெண் சியோ-பி (பே டூனா), துப்பாக்கி சுடுவதில் கைதேர்ந்த யோங்-ஷின். டோங்னேயில் அதிகாரியாக வரும் பயந்தாங்கொள்ளி பொம்-பால், சோ குலத்துக்காரர். சாங்ஜுவில் ஒதுங்கி வாழும் முதியவர் ஆன் ஹியோன், இளவரசரின் பழைய ஆசான். மின் சி-ரோக் தலைநகர்ப் படைத் தளபதி. இரண்டாவது சீசனில்தான் அவருக்கு வேலை.

இது ஜாம்பி தொடரா, அரசியல் தொடரா?

அரசியல் தொடர். ஜாம்பிகள் அந்த அரசியலின் விளைவு. ஒரு பிணத்தை எழுப்பியதே வாரிசுக் கணக்குக்காகத்தான். யாருடைய ரத்தம் அரியணைக்கு உரியது என்ற ஒரே கேள்விக்காக ஒரு நாடே பற்றி எரிகிறது. சண்டைக் காட்சிகளுக்காக மட்டும் பார்ப்பவர்களுக்கும் குறை வைக்கவில்லை. ஆனால் இந்த நூலைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் ருசி வேறு.

*இனிமேல் எல்லாம் ஸ்பாய்லர்.*

அரசர் செத்ததை எதற்காக மறைக்கிறார்கள்?

நாள் கடத்தத்தான். அரசர் இறந்த நாளே லீ சாங் அரசராகிவிடுவார். அவர் அரசரானால் சோ குலத்தின் கதை முடிந்தது. ராணி கர்ப்பமாக இருக்கிறாள். ஆண் குழந்தை பிறந்து, அதுவரை அரசர் 'உயிரோடு' இருந்தால், பட்டத்தரசியின் வயிற்றில் பிறந்த பிள்ளை என்று சொல்லி அந்தக் குழந்தையை வாரிசாக்கிவிடலாம். குழந்தையின் பேரில் தாத்தா ஆளலாம்.

அதனால்தான் வைத்தியர் லீ சியுங்-ஹுயியை வரவழைத்து, செத்தவரை எழுப்பும் ஒரு மூலிகையைப் பயன்படுத்துகிறார்கள். வெளியே சொல்லும் பொய், அரசருக்குப் பெரியம்மை. யாரும் கிட்டே வரக் கூடாது. பெற்ற மகனே உள்ளே போக முடியாது. இரவில் அவர் படுக்கைக்குச் சாப்பாடு போகிறது. அது மனித உடல்.

பட்டத்து இளவரசர் என்று அறிவித்தபின், பிறக்காத குழந்தைக்குப் பயப்படுவானேன்?

லீ சாங் பட்டத்தரசியின் பிள்ளை இல்லை. இளையாள் வயிற்றுப் பிள்ளை. ஜோசோனில் அது சின்ன விஷயம் இல்லை. மூத்தாள் பிள்ளைக்கும் இளையாள் பிள்ளைக்கும் நடுவே சட்டத்திலும் சடங்கிலும் பெரிய சுவர் நின்றது. அரச குடும்பத்திலும் அந்த எண்ணம் ஒட்டிக்கொண்டே இருந்தது.

நிஜ வரலாற்றில் இதே சிக்கல் அப்படியே நடந்திருக்கிறது. 1592 போர் வெடித்ததும் அரசர் சொன்ஜோ தலைநகரைவிட்டு வடக்கே ஓடினார். அவசர அவசரமாக, இளையாள் மகனான குவாங்ஹேயைப் பட்டத்து இளவரசராக்கினார். அந்த இளைஞர் போர்க்காலம் முழுவதும் ஊர் ஊராகப் போய்ப் படை திரட்டினார். போர் ஓய்ந்த பிறகு, 1602இல் சொன்ஜோ புதிதாக ஒரு பட்டத்தரசியை மணந்தார். 1606இல் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. உடனே அரசவையில் ஒரு கூட்டம் குழந்தையின் பக்கம் சாய்ந்தது. 1608இல் சொன்ஜோ இறந்துவிட, குவாங்ஹே அரியணை ஏறிவிட்டார். ஆனால் அந்தத் தம்பி 1614இல், எட்டு வயது வாக்கில், நாடு கடத்தப்பட்ட இடத்தில் மாண்டான். குவாங்ஹேயையும் 1623இல் கவிழ்த்துவிட்டார்கள். லீ சாங் தூங்காமல் புரளும் காட்சிகளை இந்தப் பின்னணியோடு பார்த்தால் அவர் பயம் மிகையாகவே தெரியாது. குழந்தை பிறந்தால் பதவி போகும் என்பதோடு முடியாது, தலையும் போகும்.

இளவரசர் நிஜமாகவே சதி செய்தாரா?

செய்தார். பலர் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். அரசர் இறந்துவிட்டார் என்று தெருவில் சுவரொட்டி ஒட்டப்பட்டதும் அறிஞர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்கிறார்கள். அவர்கள் அப்பாவிகள் இல்லை. லீ சாங்கை அரசராக்குவதாக உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள். இளவரசரும் அதில் உடந்தை. நாட்டைக் காக்கவேண்டும் என்ற உயர்ந்த நோக்கமெல்லாம் அப்போது அவருக்கு இல்லை. உயிர் பிழைக்கவேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு அந்தப் பாத்திரம் பிடிக்கக் காரணமே இதுதான். முதல் எபிசோடில் பட்டுத் துணியும் கோபமுமாக இருக்கும் ஆள், டோங்னேயில் ஜனங்கள் எதைத் தின்று கிடக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக அரசனாகிறார்.

அரசர் கடித்தவன் செத்துத்தான் போனான். டோங்னேயில் மட்டும் எப்படிப் பரவியது?

நல்ல கேள்வி. மூலிகையால் எழுந்த பிணம் கடித்தால் கடிபட்டவர் சாவார், எழமாட்டார். வைத்தியரின் உதவியாள் சிறுவன் டானி அப்படித்தான் அரசரால் செத்தான். அவன் உடலை வைத்தியர் டோங்னேயிலுள்ள தன் மருத்துவமனைக்கு, ஜியுல்ஹொனுக்கு, கொண்டுவருகிறார். அங்கே போருக்குப் பிந்திய பஞ்சம். நோயாளிகள் பட்டினியில் கிடக்கிறார்கள். யோங்-ஷின் அந்த உடலை வெட்டிச் சமைத்து, மான் இறைச்சி என்று சொல்லி எல்லோருக்கும் ஊற்றிவிடுகிறான்.

அந்தக் காட்சியைக் கவனியுங்கள். கொப்பரையைச் சுற்றி உட்கார்ந்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிடும் மகிழ்ச்சி அந்த முகங்களில். சியோ-பி அந்தப் பந்தியில் இல்லை. தின்றவர்கள் எல்லோரும் துடித்துச் சாகிறார்கள், பிறகு எழுகிறார்கள். இவர்கள் கடித்தால் கடிபட்டவரும் எழுவார். நோய் தொற்றாக மாறிய இடம் இதுதான். அரண்மனையில் அதிகாரப் பசி, மருத்துவமனையில் வயிற்றுப் பசி. இரண்டும் அந்தக் கொப்பரையில் கலந்துவிட்டன.

டோங்னேயில் பிணங்கள் பகலில் அடங்கிக் கிடந்தபோதே எரித்திருக்கலாமே? ஏன் இத்தனை முட்டாள்தனம்?

முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது, மேட்டுக்குடித்தனம். தாய் தந்தை தந்த உடலுக்குச் சிதைவு வரக் கூடாது என்பது கன்பூசிய நெறி. ஏழைகளின் பிணங்களை எரிக்க யாரும் ஆட்சேபிக்கவில்லை. உயர்குலத்துப் பிணத்தைத் தொடாதே என்பதுதான் சண்டை. அந்த வாக்குவாதத்திலேயே பொழுது சாய்ந்துவிடுகிறது.

அதற்கு அடுத்தது இன்னும் மோசம். ஊரில் இருந்த ஒரே கப்பலில் அதிகாரிகளும் மேட்டுக்குடியினரும் ஏறி, மற்றவர்களைக் கரையில் விட்டுவிட்டுத் தப்புகிறார்கள். அதில் ஒரு மூதாட்டி, மகனின் உடலை விட்டுவர மனமில்லாமல் பெட்டிக்குள் மறைத்து ஏற்றிவிடுகிறாள். தாய்ப் பாசம்தான். கடலில் வைத்துப் பெட்டி திறக்கிறது.

1592இல் டோங்னேக் கோட்டையை ஜப்பானியர் சூழ்ந்தபோது அங்கே அதிகாரியாக இருந்த சோங் சாங்-ஹியோன் வழிவிட மறுத்து, கோட்டையிலேயே நின்று செத்தார். கொரியாவில் இன்றும் போற்றப்படும் பெயர். அதே ஊரில், அதே பதவியில் இருக்கும் பொம்-பாலை ஓடவிட்டதில் ஒரு குத்தல் இருக்கத்தான் செய்கிறது.

பகலில் தூங்குகின்றன என்றார்கள். பிறகு பகலிலும் வருகின்றனவே?

வெயிலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. வெப்பநிலைதான் காரணம். சூடு ஏறினால் வீட்டுத் தரைக்கு அடியிலும் இண்டு இடுக்கிலும் புகுந்து அடங்கும். குளிர்ந்தால் எழும். குளிர்காலம் வந்துவிட்டால் இரவு பகல் எல்லாம் ஒன்று. மூலிகை பூக்கும் குளிர்ந்த பள்ளத்தாக்கில் சியோ-பி இதைக் கண்டுபிடிக்கும் நேரமும், முதல் சீசனின் கடைசி நிமிடமும் ஒன்றாக வருகின்றன. சீசன் முடிவு என்றால் இப்படி இருக்கவேண்டும்.

சியோ-பியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜோசோனில் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கப் பெண்களைப் பழக்கும் முறை 1406இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் அடிமட்டத்துப் பெண்கள். தொடரில் நோயின் ஒவ்வொரு ரகசியத்தையும் அவிழ்ப்பது அப்படிப்பட்ட ஒருத்தி. அமைச்சர்கள் எல்லாம் யாரைப் பழிபோடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் ஏட்டில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

மூ-யங் இளவரசரை ஏன் காட்டிக்கொடுத்தார்?

கர்ப்பிணி மனைவிக்காக. அவளைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்கிறோம் என்று சோ தரப்பு ஆசை காட்டியது. அந்தப் 'பாதுகாப்பான' இடம் நேசொன்ஜே என்ற ராணியின் வீடு. அங்கே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியவரும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது. இரண்டாவது சீசனில் அவர் இளவரசரின் அணைப்பில் உயிர்விடும் காட்சியில் இளவரசர் திட்டவே இல்லை.

நேசொன்ஜேயில் அப்படி என்ன நடக்கிறது?

ராணியின் கர்ப்பம் பொய். கரு எப்போதோ கலைந்துவிட்டது. அதை அப்பாவிடமே மறைத்து, வயிற்றில் துணி கட்டிக்கொண்டு நடமாடுகிறாள். நாதியற்ற கர்ப்பிணிகளை நேசொன்ஜேயில் சேர்த்து, யாருக்காவது ஆண் குழந்தை பிறந்தால் எடுத்துக்கொள்ளக் காத்திருக்கிறாள். பெண் குழந்தை பிறந்தால் தாயும் பிள்ளையும் மண்ணுக்குள். மின் சி-ரோக் அந்த உடல்களைத் தோண்டி எடுத்துத்தான் உண்மையை நெருங்குகிறார். கடைசியில் மூ-யங்கின் மனைவி பெற்ற ஆண் குழந்தை இளவரசனாக அரண்மனைக்குள் போகிறது.

தொடரின் நிஜ வில்லன் யார்? ஹாக்-ஜூவா, ராணியா?

முதல் சீசனில் ஹாக்-ஜூ. ரியூ சியுங்-ரியோங் குரலை உயர்த்தாமலே பயமுறுத்துகிறார். ஆனால் என் ஓட்டு ராணிக்கு. பெண் என்பதாலேயே அப்பா தன்னை மட்டமாக நடத்தினார் என்ற வெஞ்சினம் அவளுக்கு. அவர் போட்ட சதியை அவரைவிட நன்றாகக் கற்றுக்கொண்டு, அவருக்கே நஞ்சு கொடுத்துக் கொல்கிறாள். தோற்றுவிட்டோம் என்று தெரிந்ததும், அரண்மனையில் அடைத்துவைத்திருந்த பிணங்களைத் திறந்துவிடுகிறாள். தனக்குக் கிடைக்காதது யாருக்கும் கிடைக்கக் கூடாது. இருபது வயதுகூடத் தெரியாத முகத்தில் கிம் ஹே-ஜுன் இதைச் செய்துகாட்டுவது இன்னும் நடுக்குகிறது. முதல் சீசனில் அவருடைய நடிப்பைக் குறை சொன்னவர்கள் இரண்டாவதைப் பார்த்தபின் வாயடைத்துப் போனார்கள்.

ஆன் ஹியோன் நல்லவரா, கெட்டவரா?

ஊரே கும்பிடும் போர்வீரர். போரில் ஐந்நூறு வீரர்களை வைத்துக்கொண்டு சாங்ஜுவில் முப்பதாயிரம் ஜப்பானியரை விரட்டினார் என்பது அவர் புகழ். அந்த வெற்றியின் ரகசியம், சுமாங் என்ற கிராமம். அங்கிருந்த தொழுநோயாளிகளைக் கொன்று, மூலிகையால் எழுப்பி, எதிரிமேல் ஏவினார்கள். யோசனையில் ஹாக்-ஜூவுக்குப் பங்கு, வைத்தியம் அதே லீ சியுங்-ஹுயி. யோங்-ஷின் அந்தக் கிராமத்துக்காரன். அவன் ஏன் எந்த மேட்டுக்குடிக்காரனையும் நம்புவதில்லை என்பதற்கு இதுதான் விடை.

நிஜமான 1592 சாங்ஜுப் போரில் ஜோசோன் தோற்றது. தளபதி யி இல் தப்பி ஓடினார். அதற்குச் சில நாட்களில், இயற்கை அரணான சேஜே கணவாயில் தடுக்காமல், சுங்ஜு அருகே திறந்த வெளியில் நின்று போரிட்ட சின் ரிப்பின் படையும் அழிந்தது. வரலாற்றில் கைவிடப்பட்ட அந்தக் கணவாயைத்தான் தொடரில் ஹாக்-ஜூ இறுக்கமாக அடைக்கிறார், தெற்கிலிருந்து ஓடிவரும் சொந்த ஜனங்களுக்கு எதிராக.

ஆன் ஹியோன் பாவத்தை உணர்ந்தவர். துக்க உடையிலேயே இருப்பார். சாகும்போது, தன் பிணத்தையே எழுப்பச் சொல்லிச் சியோ-பியிடம் கேட்டுக்கொள்கிறார். எழுந்த பிணம் எல்லோர் முன்னாலும் ஹாக்-ஜூவின் மேல் பாய்கிறது. ஹாக்-ஜூவின் பொய்க்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. தொடரின் உச்சக் காட்சி எது என்று கேட்டால் அதுதான் என்பேன்.

ஹேவொன் சோ குலம் வரலாற்றில் இருந்ததா?

இல்லை, கற்பனை. ஆனால் மாதிரி நிஜம். 1800இல் பத்து வயதுச் சிறுவனாக சுன்ஜோ அரசரான பிறகு, ராணிகளைப் பெற்ற குலங்கள்தான் 1863 வரை பெரும்பாலும் நாட்டை ஆண்டன. ஆண்டோங் கிம் குலம் ஒன்று, புங்யாங் சோ குலம் இன்னொன்று. 1849இல் வாரிசில்லாமல் அரசர் இறந்தபோது, காங்ஹ்வா தீவில் எளிய வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்த ஒரு தூரத்து அரச வம்ச இளைஞனைத் தேடிப் பிடித்து அரியணையில் உட்காரவைத்தார்கள். அடங்கி நடப்பான் என்பதுதான் தகுதி. ஆக, போருக்குப் பிந்திய பஞ்சத்தையும் இருநூறு ஆண்டுகள் கழித்து வந்த குல ஆட்சியையும் ஒன்றாகக் குழைத்திருக்கிறார் கிம் உன்-ஹீ.

பொம்-பால் வெறும் காமெடியா?

ஆரம்பத்தில் ஆமாம். சியோ-பியின்மேல் ஒருதலைக் காதல், எதற்கும் ஓட்டம். ஆனால் தன் குலம் செய்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் பக்கம் மாறத் துணிந்த ஒரே சோ அவர்தான். கடைசியில் சோ குலத்தில் மிஞ்சி, அரசவையில் உட்காருவதும் அவரே.

பனிக்குளத்தில் எல்லோரும் கடிபட்டார்களே, எப்படிப் பிழைத்தார்கள்?

உடலுக்குள் போவது புழு. அது தலையை எட்டுவதற்குள் தண்ணீரில் முங்கினால் வெளியே வந்துவிடும். ஹாக்-ஜூவைப் பிழைக்கவைத்தபோதே சியோ-பி இதைப் பார்த்துவிட்டாள். பனி உடைந்து எல்லோரும் நீருக்குள் விழுந்ததே மருந்தாயிற்று.

ஜெயித்த பிறகு லீ சாங் ஏன் அரியணையை விட்டார்?

குழந்தை உயிரோடு இருக்கிறது. அது அரச ரத்தம் இல்லை, தன் மெய்க்காவலனின் மகன் என்று அவருக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அவர் அரசராகலாம். ஆனால் குழந்தையைக் கொல்லவேண்டிவரும், அதன் பக்கம் நிற்பவர்களோடு இன்னொரு சண்டை வரும், இன்னும் பிணங்கள் விழும். அதனால் பட்டத்து இளவரசர் இறந்துவிட்டதாக ஏட்டில் எழுதச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். ரத்தத்துக்காக இத்தனை பேரைக் கொன்ற அரியணையில், ஒரு சொட்டு அரச ரத்தமும் இல்லாத மூ-யங்கின் பிள்ளை உட்காருகிறான். அது தெரிந்தவர்கள் ஒரு கை விரலில் அடங்குவார்கள்.

அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். ஏழு வருடம் கழித்துச் சிறுவனின் உடலில் புழு நெளிவதைக் காட்டுவது, அடுத்த சீசனுக்குப் போட்ட கொக்கி என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆஷின் படத்தை முதலில் பார்க்கலாமா?

வேண்டாம். வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள். இரண்டாவது சீசனின் கடைசிக் காட்சியில் வடக்கே தென்படும் பெண் (ஜுன் ஜி-ஹியுன்) யார் என்ற கேள்வியோடு பார்த்தால்தான் படம் பிடிக்கும். மெதுவாக நகரும், பொறுமை வேண்டும். ஜோசோன் எல்லைக்குள் குடியேறி, இரண்டு பக்கமும் மதிக்காத ஜுர்சென் இனத்தவள் அவள். சோ குலத்துப் பொம்-இல் செய்த கொலைகளை மூடிமறைக்க மின் சி-ரோக் சொன்ன பொய்யால் அவள் கிராமமே அழிகிறது. இரண்டாவது சீசனில் நேர்மையின் வடிவமாக வந்த அதே மின் சி-ரோக்! அவர்மேல் வைத்த மரியாதையை இந்தப் படம் உருவிக்கொண்டு போய்விடுகிறது.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

கூடாது. பெரியவர்களும் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கவேண்டாம், முக்கியமாக முதல் எபிசோட்.

மூன்றாவது சீசன்?

ஆஷின் படத்துக்குப் பிறகு கதை அங்கேயே நிற்கிறது. ஆஷினுக்கு அடுத்து யாரைப் பழிவாங்கவேண்டும், சிறுவன் அரசனின் உடலில் உள்ள புழு எப்போது விழிக்கும், செத்ததாக எழுதப்பட்ட லீ சாங் தலைநகருக்குத் திரும்பினால் பொம்-பால் எந்தப் பக்கம் நிற்பார் என்று மூன்று முடிச்சுகள் அவிழாமல் கிடக்கின்றன. நான் மூன்றாவதற்காகத்தான் காத்திருக்கிறேன்.